நடுக்கடலில் கப்பல் உடையுமா? கிள்ளான் துறைமுகத்தோடு தொடர்புள்ள கதை

பிரிக்பீல்ட்ஸ் பக்கம், கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி கடைசி நிலையமான பெலாபுஹான் கிள்ளானில் இறங்கிப் பாருங்கள். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வந்துபோகும் சரக்குக் கப்பல்கள் சில கட்டடங்களைவிட உயரம். அவ்வளவு பெரிய இரும்பு பிளந்துபோகும் என்றால் நம்புவீர்களா? நடந்திருக்கிறது.

2001-இல் 'சிஎம்ஏ சிஜிஎம் நார்மண்டி' என்ற கொள்கலன் கப்பல், கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஜகார்த்தாவுக்குப் போகும் வழியில் சிங்கப்பூர் நீரிணையில் பாறைத்திட்டில் ஏறிச் சிக்கிக்கொண்டது. பல வாரம் அசையவில்லை. பிறகு வியட்நாமில் பழுதுபார்த்தார்கள், பெயரும் 'எம்எஸ்சி நாப்போலி' என்று மாறியது. 2007 ஜனவரி 18-ஆம் தேதி, ஆங்கிலக் கால்வாயில் புயல். எந்திர அறைப் பக்கம் உடற்பகுதி பிளந்து தண்ணீர் புகுந்தது. உயிர்காப்புப் படகில் இறங்கிய 26 பேரையும் ஹெலிகாப்டர்கள் காப்பாற்றின.

பாறையில் பட்ட பழைய அடிதான் காரணம் என்று உடனே தோன்றும், இல்லையா? பிரிட்டிஷ் கடல் விபத்து விசாரணையாளர்கள் வேறு காரணத்தைச் சொன்னார்கள். எந்திர அறைப் பகுதியின் தகடுகளுக்கு நெளிவைத் தாங்கும் பலம் போதவில்லை. 1991-இல் கப்பலைக் கட்டியபோது இருந்த விதி, நடுப்பகுதிக்கு மட்டும்தான் அந்தக் கணக்கைக் கேட்டது. அதாவது ஓட்டை விதியிலேயே இருந்தது! பிறகு 1,500-க்கும் மேற்பட்ட கப்பல்களை அலசியதில், 12 கப்பல்களுக்கு உடனடிக் கவனம் தேவை என்று தெரிந்தது.

சரி, தகடு ஏன் நெளிகிறது? ஒரு பிளாஸ்டிக் ரூலரை நடுவில் விரல் வைத்துத் தாங்கி, இரண்டு முனையையும் கீழே அழுத்துங்கள். பெரிய அலையின் முகடு கப்பலின் நடுவுக்கு வரும்போது இதுதான் நடக்கிறது. மேல்தளம் இழுபடும், அடிப்பக்கம் நசுங்கும். வெறும் மைலோ டின்னை அழுத்தினால் பொசுக்கென்று நெளியுமே, அதுபோல அடித்தகடு நெளிந்தால் ஆபத்துதான். அலை நகர்ந்ததும் வளைவு தலைகீழாகிவிடும். இப்படி வாழ்நாளில் கோடிக்கணக்கான முறை!

இதில் சிக்கல் என்னவென்றால், பலமும் சுமையும் நிலையான எண்கள் இல்லை. துரு தகட்டைத் தின்னும், அலை சொல்லிவிட்டு வராது. அதனால் பொறியியலாளர்கள் 'உடையுமா, உடையாதா' என்று கேட்பதில்லை. 'சுமை பலத்தை மிஞ்ச எவ்வளவு வாய்ப்பு' என்று கேட்கிறார்கள். எண்ணெய்க் கப்பல்களின் வடிவமைப்பில் வட அட்லாண்டிக் அலைகளை 25 ஆண்டு தாங்க வேண்டும் என்பது கணக்கு.

காருக்கு புஸ்பாகோம் மாதிரி, கப்பலுக்கு வகைப்பாட்டுச் சங்கங்கள் உண்டு. மலேசியாவுக்கும் சொந்தமாக ஒன்று இருக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை பெரிய சோதனை. மீயொலிக் கருவியை வைத்துத் தகட்டின் தடிமனை அளப்பார்கள். அளவுக்கு மீறித் தேய்ந்திருந்தால் வெட்டி எடுத்துப் புதுத் தகடு போட வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் தலைமையகம் வைத்திருக்கும் மலேசியக் கடல்துறை, இங்கே வரும் வெளிநாட்டுக் கப்பல்களிலும் ஏறிப் பார்க்கும். குறை கடுமையாக இருந்தால் கப்பலைப் போகவிடாமல் நிறுத்தவும் முடியும்.

புதுக் கப்பல்னா பயமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 'எம்ஓஎல் கம்ஃபர்ட்' ஐந்தே வயதுக் கப்பல். சிங்கப்பூரிலிருந்து ஜெட்டாவுக்குப் போகும்போது, 2013 ஜூன் 17-ஆம் தேதி ஏமன் கடலுக்கு அப்பால் இரண்டாக உடைந்தது. 26 பேரும் தப்பினார்கள், கப்பலின் இரு பாதிகளும் மூழ்கின. அதே வடிவிலான மற்ற கப்பல்களைச் சோதித்தபோது அடித்தகட்டில் நெளிவுகள் இருந்தன. மறுபக்கம், நம் தாத்தா பாட்டிகள் பலர் நாகப்பட்டினத்திலிருந்து வந்த 'ரஜுலா' 1926-இல் கட்டப்பட்டது. அரை நூற்றாண்டு அளவுக்கு ஓடியது.

கடைசியாக எடை. நாப்போலியின் மேல்தளத்தில் நனையாமல் மிஞ்சிய 660 கொள்கலன்களை நிறுத்துப் பார்த்தார்கள். 137 கொள்கலன்களின் எடை, சொன்ன எடையிலிருந்து 3 டன்னுக்கும் மேல் வித்தியாசப்பட்டது. தாளில் உள்ள எடை பொய் என்றால், அதை நம்பிப் போட்ட வளைவுக் கணக்கும் பொய்தானே? 2016 ஜூலை 1 முதல், சரிபார்த்த எடை இல்லாத கொள்கலனைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது உலக விதி. கிள்ளானில் ஃபார்வர்டிங் கம்பெனியில் வேலை செய்யும் அண்ணன், அக்கா யாராவது இருந்தால் 'விஜிஎம்' என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். அந்தத் தாள் இல்லாமல் கொள்கலன் கப்பலில் ஏறாது.