பழைய மருத்துவ ஆவணங்கள்: எப்போது, எவ்வாறு அழிக்கப்பட வேண்டும்?

தருமபுரி மாவட்டத்தின் தொப்பூர் கணவாய்ச் சாலை, தேசிய நெடுஞ்சாலை 44-இல் விபத்துகள் மிகுதியாக நிகழும் பகுதியாகும். அங்குக் காயமடைந்து மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் ஒருவருக்கு விபத்துப் பதிவேடு, எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன், அறுவை சிகிச்சைக் குறிப்பு எனப் பல ஆவணங்கள் உருவாகின்றன. இழப்பீட்டு வழக்கு முடியுமுன் அவை அழிக்கப்பட்டால், குடும்பம் முக்கியச் சான்றை இழக்கும். தேவை முடிந்த பின்னும் கவனிப்பாரின்றிக் கிடந்தால், நோயாளியின் அந்தரங்கம் பிறர் கைக்குப் போகும். இவ்விரண்டையும் தடுப்பதற்காகவே ஒவ்வொரு மருத்துவமனைக்கும் எழுத்து வடிவிலான ஆவண அழிப்புக் கொள்கை தேவைப்படுகிறது.

எவ்வளவு காலம் பாதுகாக்க வேண்டும்?

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகளின்படி, உள்நோயாளிகளின் ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். வழக்கு நிலுவையில் உள்ள ஆவணங்களை, காலம் கடந்திருந்தாலும் அழித்தல் கூடாது. தேவை முடிந்த தனிநபர் தரவை, வேறு சட்டம் வைத்திருக்கக் கோரினாலன்றி, அழித்துவிட வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. இச்சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது.

பாதுகாப்பான அழிப்பு என்பது யாது?

• காகிதம்: பழைய காகிதக் கடையில் எடைக்குப் போடாமல், மீண்டும் படிக்க இயலாதவாறு இயந்திரத்தால் துண்டாக்க வேண்டும்.
• எக்ஸ்ரே படலம்: இதிலுள்ள வெள்ளிக்காக இது விலைக்கு வாங்கப்படுகிறது. நோயாளியின் பெயரும் வயதும் இதில் பதிந்திருப்பதால், அவற்றை நீக்காமல் விற்றல் கூடாது.
• கணினி: கோப்பை ‘டெலிட்’ செய்வதால் மட்டும் தரவு அழிவதில்லை, அதை மென்பொருளால் மீட்க இயலும். எனவே கணினியை ஏலத்தில் விடுமுன், வன்தட்டை முறையாகத் துடைக்க வேண்டும் அல்லது உடைத்துவிட வேண்டும். காப்பு நகல்களுக்கும் இது பொருந்தும்.
• பதிவேடு: எவை, எந்நாளில், யாருடைய அனுமதியுடன் அழிக்கப்பட்டன என்பதைக் குறித்துவைக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• வீடு திரும்பும்போதே சிகிச்சைச் சுருக்கத்தையும், விபத்து எனில் விபத்துப் பதிவேட்டின் நகலையும் கேட்டுப் பெறுங்கள்.
• பிற ஆவணங்களுக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள். நோயாளியோ அவரால் அதிகாரம் அளிக்கப்பட்டவரோ கோரினால், 72 மணி நேரத்திற்குள் வழங்க வேண்டும் என்பது விதி.
• வழக்கு நிலுவையில் இருப்பின், 3 ஆண்டுகள் முடியுமுன்பே மருத்துவமனைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, ஒப்புகை பெறுங்கள்.
• வீட்டிலுள்ள பழைய அறிக்கைகளை வெளியே போடுமுன், பெயர், தொலைபேசி எண், ஆதார் எண் உள்ள பகுதிகளைக் கிழித்து அழியுங்கள்.

நாள்பட்ட நோய், ஒவ்வாமை, அறுவை சிகிச்சை, தடுப்பூசி ஆகியவை குறித்த ஆவணங்களை எக்காலத்தும் அழிக்க வேண்டாம். பின்னாளில் உங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவருக்கு அவை தேவைப்படும்.