வடசேரி நகை -விலை

'செல்லுலார் போன்' என்று தேடினால் முதலில் என்ன வர வேண்டும்? 1998இல் செர்கே பிரின், லாரி பேஜ் என்ற இரண்டு ஸ்டான்ஃபோர்ட் மாணவர்கள் தாங்கள் கட்டிய தேடுபொறியைப் பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை எழுதினார்கள். அதன் பின்னிணைப்பில் இந்த உதாரணம் வருகிறது. அவர்களுடைய மாதிரி எந்திரத்தில் முதலில் வந்தது போன் விற்கும் கடை அல்ல. வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசினால் கவனம் எப்படிச் சிதறும் என்ற ஓர் ஆய்வு. போன் கம்பெனியிடம் விளம்பரக் காசு வாங்கும் தேடுபொறி இதை முதலில் காட்டிவிட்டு அந்தக் கம்பெனிக்குப் பதில் சொல்வது கஷ்டம் என்று எழுதியிருக்கிறார்கள். அந்த எந்திரம்தான் கூகுள்.

அதே 1998இல் கோடூ என்ற தளம் ஏலம் போட்டு முடிவுகளை அடுக்க ஆரம்பித்தது. கூடக் காசு கொடுத்தவன் மேலே. கூகுள் 2000 அக்டோபரில் ஆட்வேர்ட்ஸ் விளம்பரத்தைத் தொடங்கியது. 2002 டிசம்பரில் ஃப்ரூகிள் என்று கடைச்சரக்குக்கென்றே தனித் தேடல் வந்தது. அதில் பொருளைப் பட்டியலிடக் கடைக்காரர் காசு தர வேண்டாம். 2012இல் அதுவும் காசுக்கு மாறியது. 2017 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் போட்டது. தன்னுடைய விலை ஒப்பீட்டுச் சேவையை மேலே தூக்கி வைத்து, போட்டியாளர்களைக் கீழே தள்ளியதற்காக. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பெரிய தீர்ப்புதான். ஆனால் சண்டை ஒரு கடைத்தேடலுக்கும் இன்னொரு கடைத்தேடலுக்கும். எதையும் வாங்க வராமல், ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள மட்டும் வந்தவன் அந்த வழக்கில் கட்சிக்காரனே கிடையாது.

நான் அந்த மூன்றாவது ஆள். நாகர்கோவில் வடசேரியில் செய்யும் கோயில் நகையின் வரலாறு எனக்கு வேண்டியிருந்தது. சுவாமிக்குச் சாத்துவதற்காகச் செய்தது, பிறகு பரதநாட்டிய மேடைக்குப் போய், இன்று கல்யாண ஆல்பம் வரைக்கும் வந்து நிற்கிறது. வெள்ளி அடித்தளம், உள்ளே அரக்கு, சிவப்புக் கெம்புக்கல், மேலே தங்க ரேக்கு. தேடினால் முதல் பக்கம் முழுக்கக் கடை. ஜிமிக்கி தள்ளுபடி, ஒட்டியாணம் இலவச டெலிவரி. இரண்டாம் பக்கமும் அப்படியே. மூன்றாவதில் 'வரலாறு' என்ற தலைப்போடு ஒன்று வந்தது. திறந்தால் நான்கு பத்தி, அதற்குக் கீழே 'இப்போதே வாங்குங்கள்'. அந்த நான்கு பத்தியும் வேறு பல கடைகளிலும் புள்ளி மாறாமல் இருந்தது. யார் எழுதியது, எதைப் பார்த்து எழுதியது, ஒன்றும் கிடையாது.

வடசேரியில் ஒரு வயதான ஆசாரியிடம் இதைச் சொன்னேன். அவர் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நெட்டுல கடைதான் வரும் மக்கா. கடைக்காரன்லா அதுல எழுதுதான். நாங்க எங்க எழுதினோம்?"

தேடுபொறி கடைகளை முன்னால் தள்ளுகிறது என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி அவர் சொன்னது. கடைகளை விலக்கினால் பின்னால் என்ன இருக்கிறது?

விலக்குவதற்கு வழிகள் இருக்கின்றன. வேண்டாத சொல்லுக்கு முன்னால் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால் அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகும். கடையின் தள முகவரியையும் அப்படிக் கழிக்கலாம். 2011இல் வேண்டாத தளங்களை நாமே தடுத்து வைக்கும் வசதியைக் கூகுள் கொடுத்தது, அப்புறம் எடுத்தும்விட்டது. இப்போது யூபிளாக்லிஸ்ட் மாதிரி உலாவி நீட்சிகள் அந்த வேலையைச் செய்கின்றன. ஆங்கிலத்தில் இதெல்லாம் ஓரளவு ஓடும். தமிழில் 'விலை' என்பதைக் கழித்தால் 'விலைக்கு' வந்து நிற்கும், அதையும் கழித்தால் 'விலையில்', பிறகு 'விலைப்பட்டியல்'. உருபு ஒட்டிக்கொண்டு வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெரியது. விலையைக் கழித்தால் கல்வெட்டும் சேர்ந்து போகும். கோயில் கல்வெட்டு என்பது பெரும்பாலும் கொடுக்கல் வாங்கல் கணக்குதானே. நிலம் விற்றது, விளக்குக்கு நெய் வைத்தது, இத்தனை பொன், இத்தனை நெல்.

அதனால் கழிப்பதை விட்டுவிட்டுக் கூட்ட ஆரம்பித்தேன். கடைக்காரர் ஒருநாளும் எழுதாத சொல் எது? 'நகை' கடையின் சொல். 'திருவாபரணம்' கோயிலின் சொல். அதைப் போட்டதுமே பாதிக் கூட்டம் கலைந்தது. அடுத்தது 'திருவிதாங்கூர்'. கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1ஆம் தேதி. அதற்கு முந்தைய அரசுக் காகிதம் எதிலும் நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் தெற்குக் கோடிதான். கடைகளுக்கு அந்தப் பெயர் தேவையில்லை. அந்த ஒரு சொல் வழியாக நாகம் ஐயாவின் 1906ஆம் வருடத்துத் திருவிதாங்கூர் மேனுவலுக்கும், கோபிநாத ராவ் தொடங்கிவைத்த திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைக்கும் போய்ச் சேரலாம். சுசீந்திரம் கோயிலைப் பற்றி கே. கே. பிள்ளை எழுதிய பெரிய புத்தகம் 1953இல் வந்தது. வெளியிட்டது அடையாறு கலாக்ஷேத்ரா. இந்த நகையைப் போட்டு ஆடுகிறவர்களின் பள்ளிக்கூடம்! இந்தத் தகவலை எந்தக் கடையும் எனக்குத் தந்திருக்காது.

ஆனாலும் கடைக்காரனைச் சுத்தமாக வெளியே நிறுத்திவிட்டு இந்த ஊருக்கு வரலாறு எழுத முடியாது. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் வேறென்ன? எந்தத் துறைமுகத்தில் எது விற்கும், எதை வாங்கலாம் என்று கப்பல் வணிகனுக்குச் சொல்லும் கையேடு. முசிறிக்கு மிளகு என்று எழுதிக்கொண்டே வருகிறவர் குமரிக்கு வந்ததும் சரக்கை மறந்துவிடுகிறார். இங்கே ஆண்களும் பெண்களும் வந்து கடலில் நீராடி, துறவு பூண்டு தங்குகிறார்கள், ஒரு தேவி முன்பு இங்கே நீராடியதாகச் சொல்கிறார்கள் என்று எழுதுகிறார். குமரியைப் பற்றி வெளிநாட்டார் எழுதியதில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று இது. அதுவும் ஒரு வியாபாரப் புத்தகத்தில். அடுத்த நூற்றாண்டில் தாலமி குறித்துவைத்த 'கோட்டியாரா' நம்ம கோட்டாறுதான் என்பது அறிஞர்கள் பலரின் கணிப்பு. கோட்டாறு கம்போளத்தில் இன்றும் மூட்டை இறங்கிக்கொண்டிருக்கிறது.

ஆசாரியின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பாதிப் பதிலும் வணிகத்தின் பக்கமிருந்துதான் வந்தது. நாகர்கோவில் கோயில் நகைக்குப் புவிசார் குறியீடு உண்டு. 1999ஆம் ஆண்டுச் சட்டம், 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. போலிச் சரக்கு அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்பதற்கான சட்டம். ஆனால் குறியீடு கேட்கிறவர் அந்தப் பொருளை எங்கே, யார், எப்படிச் செய்கிறார்கள் என்று படிப்படியாக எழுதித் தர வேண்டும், பழைமைக்கு ஆதாரமும் காட்ட வேண்டும். அந்த விவரங்கள் சென்னையிலுள்ள பதிவகத்தின் இதழில் அச்சாகின்றன. யாரும் படிக்கலாம். கடைகளின் நான்கு பத்தியில் இல்லாத அரக்கும் ரேக்கும் அந்த மாதிரிக் காகிதத்தில்தான் கிடைக்கும். தேடலில் அது தானாக மேலே வராது. பதிவகத்தின் தளத்துக்கே போய் இதழ் இதழாகப் புரட்ட வேண்டும். இந்த வாரம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.