கான்சாகிபின் படைப்பணியும் குடிவாழ்வும்

பழைய படைவீரன் ஒருவனைத் தம் முன்னோன் எனக் கொள்வோர், அவன் வரலாற்றை ஆவணங்களில் தேடப் புகுங்கால் எதிர்ப்படும் இடர்ப்பாடுகள் இரண்டு. பெயர்கள் திரிந்து கிடத்தல் ஒன்று. படைப்பணியைக் கூறும் ஏடு குடும்பத்தைக் கூறாமை மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே காட்டவல்லது, 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுபுகானின் வரலாறு ஆகும். அவன் படைப்பணியின் ஒரு பகுதி தென்காசி, குற்றாலம், செங்கோட்டை சார்ந்த மலையடிவாரத்தில் நிகழ்ந்தமையால் அந்நிலத்தையே நாம் சான்றாகக் கொள்கின்றோம்.

முதற்கண் பெயர்களை நோக்குவோம். கும்பினியாரின் ஏடுகள் அவனை ‘மகமது இசூப்’ என்று குறிக்கும். நாட்டுப்பாடல் கான்சாகிபு எனப் பாடும். வேளாண் குடியிற் பிறந்த மருதநாயகம் என்பது வழிவழிச் செய்தி. ஊர்ப்பெயர்களின் நிலையும் இதுவே. இராபர்ட்டு ஓர்ம் எழுதிய வரலாற்றில் நெற்கட்டுஞ்செவல் ‘நெல்லிதங்காவில்’ என்றும், வாசுதேவநல்லூர் ‘வாஷினெலூர்’ என்றும் உருமாறியுள்ளன. கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரமே இவற்றை உரிய ஊர்களோடு பொருத்திக் காட்டிற்று. இவ்வூர்கள் 2019இல் அமைந்த தென்காசி மாவட்டத்துள் அடங்குவன. ஒலித்திரிபை அறியாதார், தம் ஊர் ஏட்டில் இருந்தும் இல்லை எனக் கைவிடுவர்.

இனிப் படைச்செயல்கள். 1759இல் யூசுபுகான் திருவிதாங்கூர்ப் படையோடு கூடி, செங்கோட்டைப் பக்கமாக வந்து வடகரைப் பாளையத்தைத் தாக்கினான். அவ்வாண்டின் இறுதியில் பூலித்தேவரின் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டு, வெல்ல இயலாது மீண்டான். 1761இலேயே அக்கோட்டையும் நெற்கட்டுஞ்செவலும் பனையூரும் அவன் வசமாயின. ஓர்ம் 1778இல் நிறைவு செய்த நூல் 1761ஆம் ஆண்டளவில் முடிந்துவிடுகின்றது. ஆதலின் அதனை மட்டும் கற்பார்க்கு யூசுபுகான் கும்பினியின் உண்மை ஊழியனாகவே தோன்றுவான். 1763, 1764ஆம் ஆண்டுகளில் அவன் மதுரையில் எதிர்த்து நின்ற செய்தியைச் சென்னை ஆட்சிக்குழுவின் ஏடுகளிலேயே காணவேண்டும். அவற்றைத் தொகுத்து ஹில் என்பார் 1914இல் தனிநூல் இயற்றினார். ஒரு நூல் முடியுமிடம் ஒரு மனிதனின் வாழ்வு முடியுமிடம் அன்று என்பதை ஆய்வாளர் மறத்தலாகாது.

குடும்பச் செய்தியோ மிக அரிது. அவன் மனைவி மாசா என்பாள் போர்த்துக்கீசிய வழியினள் என்றும், அவன் இறந்தபோது மகன் இளங்குழவி என்றும் வழங்கும் செய்திகள் உள. படையும் பணமும் பற்றிக் கணக்கு வைத்தவர்க்கு வீரனின் இல்லம் ஒரு பொருட்டன்று. கான்சாகிபு சண்டை என்னும் கதைப்பாடலோ அவனைக் களத்தினும் மனையினும் வைத்து நினைக்கின்றது. நா. வானமாமலை பதிப்பித்த அப்பாடலை மதுரைப் பல்கலைக்கழகம் 1972இல் வெளியிட்டது. அதன் நாள் கணக்கை நாம் நம்ப இயலாது. ஆயின் மக்கள் எதனை மறவாது போற்றினர் என்பதற்கு அதுவே முதற்சான்று.

வடகரையும் இவ்வுண்மையையே வலியுறுத்தும். ஓர்முக்கு அது தாக்குதற்குரிய பகைவர் பாளையம் ஒன்றே. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியிலோ, வடகரைச் சின்னணைஞ்சாத் தேவன் குற்றாலநாதர் கோயிலுக்குத் தொண்டு செய்த வள்ளலாகப் போற்றப்படுகின்றான். ஏடு இரண்டும் பொய்யல்ல, நோக்கு வேறு.

ஆகவே, முன்னோரைத் தேடுவார் பணியின் ஆண்டையும் களத்தையும் அரசாங்க ஏட்டில் காண்க. குடியையும் கொடையையும் கோயிலிலும் பாட்டிலும் காண்க. ஒன்று கூறாததை மற்றொன்றால் நிரப்புங்கால், எது ஆவணம், எது மரபு என்று பிரித்துரைத்தல் கடனாகும். அங்ஙனம் பிரியாது எழுதின் முன்னோனுக்குப் பெருமை சேராது. அவன் வரலாறே மறைந்துபோம்.