நர்சிங்கில் டாக்டர் பட்டம்: பணம் கட்டும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

பிளஸ் டூ முடிவுகள் வெளியானதும் வலங்கைமான், பொதக்குடி, கூத்தாநல்லூர் பகுதி வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை அடுத்து என்ன படிக்க வைப்பது? அத்தா வளைகுடாவில் இருப்பார். அம்மா போனில் விவரம் சொல்வார். உயிரியல் படித்த பெண் பிள்ளை நர்சிங் படிக்க ஆசைப்படுவாள். அதே நேரத்தில், நர்சிங்கிலேயே டாக்டர் ஆகலாம், அமெரிக்காவில் தனி கிளினிக் வைக்கலாம் என்ற விளம்பரமும் கைபேசிக்கு வந்து சேரும்.

அதில் உண்மை இருக்கிறது. சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. இரண்டையும் பார்ப்போம்.

ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் யார்?

குழந்தை முதல் முதியவர் வரை ஒரு குடும்பத்தில் உள்ள அனைவரையும் பரிசோதித்து, தேவையான டெஸ்ட் எழுதி, நோயைக் கண்டறிந்து, மருந்துச் சீட்டும் தரும் தகுதி பெற்ற நர்ஸ்தான் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர். 1965ல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். மருத்துவர் கிடைக்காத ஊர்களுக்குச் சிகிச்சை போய்ச் சேர வேண்டும் என்பதே நோக்கம். இன்று அங்கே பல மாநிலங்களில் இவர்கள் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலேயே பணியாற்றலாம். சில மாநிலங்களில் மருத்துவருடன் ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

இரண்டு டாக்டர் பட்டங்கள்

குழப்பம் தொடங்குவது இங்கேதான். நர்சிங்கில் டாக்டர் பட்டம் இரண்டு வகை.

ஒன்று பி.எச்டி. இது ஆராய்ச்சிப் பட்டம். கல்லூரிப் பேராசிரியர், முதல்வர், ஆய்வாளர் பணிகளுக்கு உதவும். இந்தியாவில் கிடைக்கும் நர்சிங் டாக்டர் பட்டம் இதுதான். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். ஆனால் இதைப் பெற்றவர் நோயாளிக்கு மருந்து எழுதித் தர முடியாது.

மற்றொன்று டி.என்.பி., அதாவது டாக்டர் ஆஃப் நர்சிங் பிராக்டிஸ். இது நோயாளியை நேரடியாகக் கவனிப்பதற்கான உயர் பட்டம். பி.எஸ்சி.க்குப் பிறகு முழுநேரமாகப் படித்தால் சுமார் 3 முதல் 4 ஆண்டுகள் ஆகும். குறைந்தது 1,000 மணி நேர மருத்துவப் பயிற்சி தேவை.

விளம்பரங்கள் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் ஆவதற்கு டி.என்.பி. கட்டாயமில்லை. அதே பிரிவில் முதுகலைப் பட்டம் பெற்று, தேசிய சான்றிதழ் தேர்வில் தேறி, மாநில லைசென்ஸ் பெற்றாலும் போதும்.

இன்னொன்று, வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கலாம் என்ற வாக்குறுதி. பாடங்கள் ஆன்லைனில் நடக்கலாம். நோயாளியைப் பார்க்கும் பயிற்சி ஆன்லைனில் நடக்காது. பயிற்சிக்குச் சேரவே அந்நாட்டு ஆர்.என். லைசென்ஸ் வேண்டும். அதற்கு என்.சி.எல்.இ.எக்ஸ். தேர்வு எழுத வேண்டும். எனவே வலங்கைமானில் இருந்துகொண்டே அமெரிக்க நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம் என்று யாராவது சொன்னால் பணம் கட்டாதீர்கள்.

நம் நாட்டில் என்ன இருக்கிறது?

அமெரிக்காவைப் போல சொந்தமாக மருந்து எழுதி கிளினிக் நடத்தும் ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் பணி இந்தியாவில் இல்லை. நெருக்கமான சில வாய்ப்புகள் உண்டு:

1. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கான நர்ஸ் பிராக்டிஷனர் முதுகலைப் படிப்பு. இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்தது. 2 ஆண்டுகள். பி.எஸ்சி. நர்சிங்கும் பணி அனுபவமும் வேண்டும்.

2. மகப்பேறு பராமரிப்புக்கான நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சி. 18 மாதங்கள்.

3. துணை சுகாதார நிலையங்களில் இடைநிலை சுகாதாரப் பணியாளர் வேலை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கர்ப்பிணிகள், குழந்தைகள் என ஊர் மக்களை முதலில் பார்ப்பவர் இவரே. குடும்ப நர்ஸ் என்ற கருத்துக்கு நம் கிராமங்களில் மிக அருகில் இருப்பது இந்த வேலைதான். 2021 ஆகஸ்ட் 5ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நர்ஸ்களும் வீடுவீடாகச் செல்கிறார்கள்.

முதல் படி எல்லோருக்கும் ஒன்றே

எந்தப் பாதையானாலும் 4 ஆண்டு பி.எஸ்சி. நர்சிங்தான் நல்ல அடித்தளம். 3 ஆண்டு ஜி.என்.எம். டிப்ளமோ முடித்தவர்கள் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து அதே நிலைக்கு வரலாம். அதன் பிறகு ஓரிரு ஆண்டுகள் வார்டில் வேலை பார்ப்பது நல்லது. மேற்படிப்புக்கும் வெளிநாட்டு வேலைக்கும் அந்த அனுபவமே பேசும்.

அரசு நர்சிங் கல்லூரிகள் சென்னை, மதுரை, சேலம், தேனி போன்ற ஊர்களில் இருப்பதால், இடம் கிடைத்தால் பிள்ளை விடுதியில் தங்க வேண்டியிருக்கும். பெற்றோர் தயங்குவது இயல்பு. நேரில் சென்று விடுதியைப் பாருங்கள், அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் விசாரியுங்கள், பிறகு முடிவெடுங்கள். இரவுப் பணி, ஆண் நோயாளிகள் என்று சொல்லி உறவினர்கள் தடுப்பதும் உண்டு. அகழ்ப்போரில் காயமடைந்த சஃது பின் முஆத் (ரலி) அவர்கள் ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில்தான் சிகிச்சை பெற்றார்கள் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். நம் பெண்களைப் பெண்களே கவனிக்க வேண்டும் என்று விரும்பும் நாம், அதற்கான பெண்களைப் படிக்க வைக்கவும் வேண்டும்.

உதவிகள்

பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடு உள்ளது. அதற்கான சாதிச் சான்றிதழைத் தாலுகா அலுவலகத்தில் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இது நீட்டிக்கப்பட்டுள்ளது. சிறுபான்மையினருக்கான டாம்கோ கல்விக்கடனையும் விசாரியுங்கள். வட்டிக் கடன் வேண்டாம் என்று நினைக்கும் குடும்பங்கள், ஊர் ஜமாஅத்திடமும் கல்வி அறக்கட்டளைகளிடமும் தயங்காமல் கேட்கலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

கல்லூரிக்கு நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா? தரப்போவது பி.எச்டி.யா, டி.என்.பி.யா? படித்த பின் எந்த நாட்டில் லைசென்ஸ் கிடைக்கும்? பயிற்சி எந்த மருத்துவமனையில் நடக்கும்? எழுத்தில் பதில் கேளுங்கள். வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கு, 1978ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தை முதலில் அணுகுங்கள்.

அமெரிக்கப் பாதை நீளமானது, செலவும் அதிகம். ஆனால் அதில் ஒவ்வொரு படியும் தனியே ஒரு வேலை தரும். பி.எஸ்சி.யோடு நின்றாலும் உங்கள் பிள்ளை ஒரு நர்ஸ். தன் காலில் நிற்பாள். மேலே போக வேண்டுமா என்பதை 22 வயதில், கையில் ஒரு சம்பளத்தோடு அவளே தீர்மானிக்கட்டும்.