உயிரும் உடலும்: அக்குவினாசின் கோட்பாடும் தமிழ்ச் சொற்களும்

இடைக்கால ஐரோப்பியக் கிறித்துவ மெய்யியலில் பிளேட்டோவின் வழிவந்த கருத்தொன்று வலுப்பெற்றிருந்தது. உயிர் மாலுமி, உடல் அவன் செலுத்தும் மரக்கலம் என்பதே அது. தாமஸ் அக்குவினாஸ் (1225–1274) இதனை மறுத்தார். அரிஸ்டாட்டிலைப் பின்பற்றி, உடலை உடலாக்கும் வடிவமே உயிர் என்றார். உயிர் நீங்கிய கண் பெயரளவிலேயே கண்ணாகும். உயிர் அழியாதது, எனினும் உடலின்றி அது முழு மனிதன் ஆகாது. வியேன் திருச்சங்கமும் (1311–1312) உயிரை உடலின் வடிவமென அறுதியிட்டது.

இம்மரபில் பயின்ற இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரை வந்தார். ‘ஆத்தும நிர்ணயம்’ என்னும் உரைநடை நூலை இயற்றினார்; மறுபிறப்பை மறுத்துத் தனி நூலும் எழுதினார். ஓர் உயிர் ஓர் உடலுக்கே வடிவம் எனின் அது வேறோர் உடலில் புகுதல் இயலாது. ஐரோப்பாவில் பல்கலைக்கழக வாதமாக இருந்தது மதுரையில் சமய வாதத்தின் அடிப்படையாயிற்று. ஆனால் அவர் கையாண்ட ‘ஆத்துமா’ என்னும் சொல்லோ பிறவிச் சுழற்சியை ஏற்ற மரபுகளில் ஊறிய சொல். நோபிலி எதிர்கொண்ட பெரிய இடர் இதுவே என நாம் கருதுகிறோம்.

இவ்விடத்துத் தமிழாசிரியர்கள் நன்கறிந்த குறளொன்றை நோக்கலாம். நிலையாமை அதிகாரத்தில் உடலுக்கு உவமையாகும் ‘குடம்பை’ கூடா, முட்டையா? பரிமேலழகர் முட்டை என்றே கொண்டார். கூடு பறவையுடன் தோன்றுவதன்று; பறவை அதனுள் மீண்டும் புகும்; ஆகவே அது பொருந்தாது என்பது அவர் வாதம். உடன்தோன்றல் என்னும் முதற்காரணம் அக்குவினாசுக்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது. இரண்டாவதில் இருவரும் முற்றிலும் பிரிகின்றனர். உயிர் தன் உடலுக்கே மீளவேண்டும் என்பதன்றோ உயிர்த்தெழுதல் கோட்பாடு! மூலன் உடலில் புகுந்த திருமூலர் வரலாற்றுக்கோ அக்குவினாசிடம் இடமே இல்லை.

பினாங்கிற்கு இக்கல்வி வேறு வழியில் வந்தது. அயுத்தியாவில் தோன்றிய காலேஜ் ஜெனரல் குருமடம் 1808இல் இங்கு நிறுவப்பெற்று இலத்தீனில் பயிற்றுவித்தது. 1879இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ அக்குவினாசின் மெய்யியலுக்குக் குருத்துவக் கல்வியில் முதன்மை அளித்தார். மதுரை தமிழில் கேட்டதைப் பினாங்கு இலத்தீனில் கேட்டது எனலாம். ஜார்ஜ் டவுன் தமிழ்க் கிறித்துவர் தம் மறைக்கல்வியில் அதனை எச்சொற்களால் பெற்றனர் என்பது தனியே ஆராயத்தக்கது.