கொச்சி யூதரிடையே தோரா ஓதுதல்

யூத சமயத்தின் வரலாற்றை ஆராயப்புகுவார்க்கு முதலில் வியப்பூட்டுவது, அச்சமயம் தன் ஆலயத்தை இழந்த பின்னரும் நிலைபெற்றமையாகும். எருசலேமிலிருந்த பேராலயத்தை உரோமர் கி. பி. 70 ஆம் ஆண்டிலே தீக்கிரையாக்கினர். அதனோடு பலியிடும் வழக்கும் குருமாரின் தொழிலும் ஒழிந்தன. எஞ்சியது ஒரு நூலே. மோசே வாயிலாகக் கிடைத்ததென அவர்கள் நம்பும் ஐந்து ஆகமங்களின் தொகுதி அது. எபிரேய மொழியில் தோரா எனப்படும். நாடுதோறும் சிதறிய யூதர் ஓய்வுநாள்தோறும் ஒரு கூடத்திற் கூடி அந்நூலில் ஒரு பகுதியை ஓதினர். ஓதியதைப் பற்றி உரையாடினர். அவ்வுரையாடலிலிருந்தே வாழ்க்கைக்குரிய விதிகளை வகுத்தனர். இவ்வாராந்த ஓதலே அவர்களை ஒரு சமூகமாகக் கட்டி வைத்தது என்பர் வரலாற்றாசிரியர். அஃது உண்மையே. ஆயினும், ஓதுதற்கு அழைக்கப்படுவோர் யாவர், அழைக்கப்படாதோர் யாவர் என்னும் வினா அதனுள்ளே பொதிந்துள்ளது. இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதற்கு மலையாளக் கரையிலுள்ள கொச்சி ஏற்ற இடமாகும்.

முதற்கண் ஓதும் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். ஐந்து ஆகமங்களும் 54 பகுதிகளாக வகுக்கப்பட்டுள்ளன. வாரத்துக்கு ஒன்றாக, இடையிடையே இரண்டு பகுதிகளை ஒருங்கிணைத்தும், ஓராண்டில் முழுவதையும் ஓதி முடிப்பர். முடித்த அன்றே ஆதியாகமத்தின் முதல் வசனங்களை மீண்டும் ஓதத் தொடங்குவர். அந்நாள் சிம்ஹத் தோரா என்னும் பெருவிழாவாகும். பண்டு பலத்தீன நாட்டார் ஏறக்குறைய மூன்றாண்டில் ஓதி முடிக்கும் முறையைக் கைக்கொண்டனர். ஓராண்டு முறை பாபிலோனியருடையது. 12 ஆம் நூற்றாண்டிலே பழைய கெய்றோ நகரைக் கண்ட துதேலாவூர்ப் பெஞ்சமின், அங்கே இவ்விரு முறையினரும் தத்தமக்குரிய கூடங்களிலே ஓதினரென்றும், சிம்ஹத் தோராவன்று ஒன்றுகூடினரென்றும் எழுதியுள்ளான். பின்னர் ஓராண்டு முறையே எங்கும் பரவியது.

ஓய்வுநாட் காலையில் எழுவர் முறையே மேடைக்கு அழைக்கப்படுவர். திங்களிலும் வியாழனிலும் மூவர். இவ்வழைப்பை 'ஏறுதல்' என்னும் பொருளுடைய எபிரேயச் சொல்லாற் குறிப்பர். ஏடு தோலில் கையால் எழுதப்பட்டுச் சுருளாகச் சுற்றப்பட்டிருக்கும். அதில் உயிர்க்குறிகள் இல்லை, இசைக்குறிகளும் இல்லை. ஆகவே ஓதுபவன் வாரம் முழுவதும் பயின்று வருதல் இன்றியமையாதது. ஒரு சொல் பிறழினும் கேட்போர் உடனே திருத்துவர். ஏட்டை விரலாலே தொடுதல் ஆகாது. வெள்ளிக் குச்சியாற் சுட்டி ஓதுவர். பதின்மூன்று வயது நிரம்பிய ஆண்மக்கள் பதின்மர் கூடாதவிடத்து ஏட்டைத் திறந்து ஓதுதல் இல்லை. பதின்மர் என்னும் இவ்வெண்ணுக்குப் பண்டைய ஆசிரியர் காட்டும் ஆதாரம் சுவையானது. கானான் நாட்டை வேவுபார்க்கச் சென்று அச்சமூட்டும் செய்தியோடு மீண்ட பதின்மரை எண்ணாகமம் 'சபை' என அழைக்கிறது. ஆதலின் பத்துப்பேர் கூடின் அது சபையாகும் என்றனர். நம்பிக்கை இழந்தோரின் தொகையே தொழுவோர் தொகைக்கு அளவாயிற்று.

இனிக் கொச்சிக்கு வருவோம். சங்கச் செய்யுட்களால் நாம் அறிந்த முசிறித் துறைக்கும் யூதருக்கும் உள்ள தொடர்பு பழைமையானது. பேராலயம் அழிந்தபொழுதே தம் முன்னோர் அங்கு வந்தனர் என்பது கொச்சி யூதரின் மரபு. வரலாற்றுச் சான்றாக உறுதியுடன் கொள்ளத்தக்கது கி. பி. 1000 ஆம் ஆண்டளவில் பாஸ்கர இரவிவர்மன் என்னும் சேர மன்னன் அளித்த செப்பேடு. வட்டெழுத்திற் பொறிக்கப்பட்ட அச்செப்பேட்டின் மொழி, தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்தின் மொழியாதலின், தமிழறிந்தார் பெரும்பகுதியை எளிதில் உணர்வர். யோசேப்பு ரப்பான் என்னும் யூதத் தலைவனின் பெயர் அதிலே இசுப்பு இரப்பான் என நம் நாவுக்கு இயைந்து நிற்கிறது. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் தலைமையும், பகல்விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை முதலிய சிறப்புக்களோடு எழுபத்திரண்டு உரிமைகளும் அவனுக்கு வழங்கப்பட்டன. பிற்காலத்தே கொச்சி அரசர் யூதர்க்குத் தலைவராக நியமித்தோர் முதலியார் என்னும் பட்டத்தைத் தாங்கினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இவர்கள் தோராவை எவ்வளவு கற்றிருந்தனர்? இவ்வினாவுக்கு 12 ஆம் நூற்றாண்டிலேயே இரு வேறு விடைகள் உள. கொல்லத்து யூதர் மோசேயின் நூலையும் தீர்க்கதரிசிகளையும் அறிந்தவர் என்றும், தல்மூத்தையும் ஓரளவு அறிந்தவர் என்றும் பெஞ்சமின் கூறினான். எகிப்தில் வாழ்ந்த பேரறிஞர் மைமோனிடிசு தம் முதுமையில் பிரான்சு நாட்டு லூனேல் நகர அறிஞர்க்கு எழுதிய கடிதத்திலோ, இந்திய யூதர்க்கு எழுதப்பட்ட தோராவே தெரியாது. ஓய்வுநாளும் விருத்தசேதனமும் அன்றி வேறொன்றும் அறியார் என்றார். பெஞ்சமின் இந்தியாவுக்கு வந்தவனல்லன். துறைமுக வணிகர் வாயிலாகக் கேட்டதையே எழுதினான் என்பது பெரும்பாலோர் கருத்து. மைமோனிடிசோ, இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பலிலே தம் தம்பியைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். இந்திய வணிகம் அவர் அறியாத பொருளன்று. எனினும் கொங்கணக் கரையில் நெடுங்காலம் பிறரோடு தொடர்பின்றி வாழ்ந்த பெனே இசுரவேலர்க்கு அவர் கூற்று முற்றும் பொருந்துகிறது. மலையாளக் கரையார்க்குப் பொருந்தவில்லை. ஆகவே இருவரும் வெவ்வேறு மக்களைப் பற்றிக் கூறினர் எனக் கொள்ளுதலே தகும் என்பது எம் கருத்து.

கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்தமையாலும் 16 ஆம் நூற்றாண்டின் கலகங்களாலும் யூதர் கொச்சிப் பகுதிக்குப் பெயர்ந்தனர். மட்டாஞ்சேரியில் அரண்மனையின் அயலிலே அரசர் நிலமளித்தார். எசுப்பானியாவிலிருந்தும் போர்த்துக்கல்லிலிருந்தும் துரத்தப்பட்டோரும், மேற்காசிய நகரங்களிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்தோரும் 1568 ஆம் ஆண்டிலே அங்கு ஒரு தொழுகைக் கூடத்தைக் கட்டினர். அதுவே பரதேசிக் கூடம். 1662 இல் ஒல்லாந்தர்க்கு உதவினர் என்ற சினத்தால் போர்த்துக்கேயர் அதற்குத் தீயிட்டனர். மறு ஆண்டிலே கொச்சி ஒல்லாந்தர் கைப்பட்டதும் கூடம் புதுப்பிக்கப்பட்டது. 1686 இல் அம்ஸ்டர்டாம் நகர யூதர் தூதுக்குழுவொன்றை அனுப்பி இவர்களைப் பற்றி விசாரித்தறிந்தனர். அதன்பின் அச்சிட்ட நூல்கள் கப்பலேறி வந்தன. 18 ஆம் நூற்றாண்டிலே ஒல்லாந்தக் கம்பெனியின் பெருவணிகராய் விளங்கிய எசேக்கியேல் ரகபியின் காலத்தில் மணிக்கூட்டுக் கோபுரம் எழுந்தது. தரைக்குச் சீனத்து நீலவெண் ஓடுகள் பதிக்கப்பட்டன. இன்றும் காண்போர் கண்ணைக் கவர்வன இவையே.

எமக்கோ அக்கூடங்களின் அமைப்பிலுள்ள வேறொன்றே சிறப்புடையதாகத் தோன்றுகிறது. யூதர் கூடங்களில் ஓதும் மேடை நடுவிலே ஒன்றிருப்பது பொதுவழக்கு. மலையாளக் கரைக் கூடங்களிலோ மாடத்தில் இரண்டாவது மேடையொன்றும் உண்டு. ஓய்வுநாளிலும் விழாநாளிலும் தோரா அங்கிருந்தே ஓதப்பட்டது. அம்மேடைக்குப் பின்புறம் மரச்சாளரத்துக்கு அப்பால் பெண்கள் அமர்ந்திருப்பர். ஆகவே கீழே நின்ற ஆடவரைக் காட்டிலும் பெண்களே ஏட்டுக்கு அண்மையில் இருந்தனர். அவர்கள் மேடையேறி ஓதுதல் இல்லை. ஆயினும் கேட்டதை மறந்தாருமல்லர். ஆதியாகமக் கதைகளையும் பிறவற்றையும் மலையாளப் பாட்டுக்களாக்கிக் கையெழுத்துக் குறிப்பேடுகளில் எழுதி, தாயிடமிருந்து மகள் பெற்றுப் போற்றினர். திருமணங்களிலும் விழாக்களிலும் அப்பாட்டுக்களைக் கூடிப் பாடினர். முறைப்படி பட்டம்பெற்ற ரப்பிமார் இல்லாத இச்சமூகத்திலே, ஆடவர் ஏட்டிலும் பெண்டிர் பாட்டிலும் கல்வியைப் பேணினர் எனலாம்.

தொழுவோர் மிதியடியை வெளியே கழற்றிவிட்டே உள்ளே புகுவர். தேங்காயெண்ணெய் விளக்குகள் எரியும். சிம்ஹத் தோராவன்று ஏடுகளுக்குப் பொன்முடி சூட்டிக் கூடத்தைச் சுற்றிப் பாடியும் ஆடியும் எடுத்துச் செல்வர். சுற்றியுள்ள நாட்டின் சாயல் இவற்றிலே பதிந்திருப்பதைக் காண்பார் எளிதில் உணர்வர். ஆனால் அந்நாட்டினின்றும் யூதர் ஏற்றுக்கொண்டது இவ்வழகுகளை மட்டுமா?

வந்தேறிய பரதேசி யூதர் வெள்ளை யூதர் எனப்பட்டனர். பழங்குடியினரான மலபார் யூதர் கறுப்பு யூதர் எனப்பட்டனர். இவர்களுக்கு மட்டாஞ்சேரியில் இரண்டு, எர்ணாகுளத்தில் இரண்டு, சேந்தமங்கலம், மாளை, பறவூர் ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று என ஏழு கூடங்கள் இருந்தன. இரு சாராரிடையே மணவினை இல்லை. இவர்களன்றி மூன்றாம் பிரிவினரும் இருந்தனர். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழித்தோன்றல்களான அவர்களை 'விடுவிக்கப்பட்டோர்' என்னும் பொருளில் மெஷுஹ்ராரிம் என்றனர். அவர்கள் தோராவைக் கற்றனர். ஓய்வுநாளை வழுவாது காத்தனர். ஆயினும் பரதேசிக் கூடத்திலே அவர்களுக்கு இடம் முன்கூடத்தில்தான். தோரா ஓத அவர்களை அழைப்பதில்லை.

இப்பிரிவினைக்குத் தோராவில் ஆதாரம் உண்டோ என்னும் வினா 16 ஆம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்றோவுக்கு எழுதி அனுப்பப்பட்டது. தாவீது இபன் சிம்ரா என்னும் பெருஞ்சட்டவறிஞர் அதற்கு விடையளித்தார். முறைப்படி நீராடி விடுதலைச் சடங்கை நிறைவேற்றின் அவர்களும் இசுரவேலரே. மணவினை கொள்ளத் தடையில்லை என்பது அவர் தீர்ப்பு. அவருடைய மாணாக்கர் யாக்கோபு கஸ்த்ரோவும் அவ்வாறே தீர்த்தார். தீர்ப்பு வந்தது; வழக்கம் மாறவில்லை. நூலுக்கு உயிரையும் கொடுக்கத் துணிந்த மக்கள், நூல் தமக்கு எதிராகப் பேசியபொழுது அண்டை அயலாரின் வழக்கத்தையே மேலாகக் கொண்டனர். 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்பிரிவினர் சிலர் பிரித்தானியர் ஆட்சியிலிருந்த கோட்டைக் கொச்சிக்குச் சென்று தனியே தொழமுயன்றனர், அம்முயற்சி நீடிக்கவில்லை.

அப்பிரிவிலே 1882 இல் பிறந்தவர் ஏபிரகாம் பராக் சேலம். அவருடைய இனத்தாருள் முதற் பட்டதாரி அவரே. சட்டம் பயின்று எர்ணாகுளத்திலே வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையிலும் அங்கம் வகித்தார். 1929 இல் லாகூர்க் காங்கிரஸ் மகாநாட்டுக்கும் சென்றார். சட்டசபையிலே எழுந்து பேச உரிமையுடையவர், தம் தொழுகைக் கூடத்திலே ஏட்டின் முன் நிற்க உரிமையற்றவராயிருந்தார். 1924 இல் வைக்கத்திலே கோயில் வீதிகளின் பொருட்டு நிகழ்ந்த சத்தியாக்கிரகம் கொச்சிக்குத் தொலைவில் நிகழ்ந்ததன்று. சேலமும் அவ்வழியையே மேற்கொண்டார். கூடத்தைப் புறக்கணித்தார், பின்பு மக்களோடு உள்ளே சென்று மறுக்கப்பட்ட இடத்திலே அமர்ந்தார். தடைகள் ஒருநாளில் நீங்கவில்லை, ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1937 இல் கொச்சிக்கு வந்த மானிடவியலறிஞர் தாவீது மண்டெல்பாம் இப்பிணக்குகளைக் கண்டு விரிவாக எழுதியுள்ளார். ஓத அழைக்கும் உரிமை இறுதியிற் கிடைத்தது. மணவினைத் தடை அதனினும் நீடித்தது. 1950 இல் சேலத்தின் மகன் ஒருவர் வெள்ளை யூதர் குடும்பமொன்றில் மணம்செய்தபொழுது அத்திருமணம் பம்பாயிலேயே நிகழவேண்டியதாயிற்று.

அதற்குள் காலம் வேறு கணக்கைத் தொடங்கிவிட்டது. 1948 இல் இசுரவேல் நாடு தோன்றியபொழுது இக்கரையில் ஏறக்குறைய 2,400 யூதர் வாழ்ந்தனர். யானைக்கால் நோய் பரவுமென அஞ்சி இசுரவேல் அதிகாரிகள் சிலகாலம் தயங்கினர். 1953 இல் சேலமே அங்கு சென்று தம்மவர்க்காகப் பேசினார். 1953 முதல் 1955 வரையிலான காலத்தில் மலபார் யூதரிற் பெரும்பாலோர் ஊர்ஊராகப் புறப்பட்டனர். ஏடுகளையும் உடன் கொண்டுசென்றனர். சேலம் கொச்சியிலேயே தங்கி 1967 இல் மறைந்தார்.

பரதேசிக் கூடத்தின் நானூறாவது ஆண்டு 1968 இல் கொண்டாடப்பட்டது. பிரதமர் இந்திரா காந்தி பங்குகொண்டார். அஞ்சல் முத்திரையும் வெளியிடப்பட்டது. அப்பொழுதே பதின்மரைக் கூட்டுவது எளிதாக இருக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில், எர்ணாகுளத்திலிருந்து வருவோரையும், ஊர்பார்க்க வந்த அயல்நாட்டு யூதரையும் சேர்த்து எண்ணியே ஏட்டைத் திறந்தனர். ஒருகாலத்தில் முன்கூடத்தில் நிறுத்தப்பட்டோரின் மக்களும் அவ்வெண்ணிக்கையில் வேண்டப்பட்டனர். 2024 இல் அங்கு வாழ்ந்த பரதேசி யூதரிற் கடைசிப் பெண்மணியும் காலமானார். கூடம் இன்று பார்வையாளர்க்குத் திறக்கப்படுகிறது. மட்டாஞ்சேரிக் கடவும்பாகக் கூடத்தின் மரவேலைப்பாடுகள் எருசலேமிலுள்ள இசுரவேல் அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டுள்ளன. குடிபெயர்ந்தோர் நெகேவ் பாலையோரத்து நெவாத்திம் முதலிய உழவர் குடியிருப்புக்களிலே தமக்குரிய கூடங்களை எழுப்பினர். அங்கு ஓய்வுநாள்தோறும் அவ்வவ்வாரத்துக்குரிய பகுதி ஓதப்பட்டு வருகிறது. பெண்களின் பழைய குறிப்பேடுகளிலிருந்த மலையாளப் பாட்டுக்களும் தொகுக்கப்பட்டு எபிரேய மொழிபெயர்ப்போடு அச்சாகியுள்ளன.