பழைய தோழரும் புதிய அந்நியரும்: காரைக்கால் மாணவரின் வேலை தேடலை முன்வைத்து ஒரு மறுவாசிப்பு

வேலை தேடுபவருக்கு நெருங்கிய உறவினரைவிட அறிமுகக்காரரே அதிகம் உதவுவர் என்னும் கருத்துக்குச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையே ஆதாரம். முன்பின் தெரியாதவர்களுக்கு லிங்க்ட்இன்னில் எழுதிப் பேச நேரம் கேட்பதே மாணவருக்கு ஏற்ற வழி என்ற முடிவை ஒரு சாரார் அதிலிருந்து பெறுகின்றனர். மூலம் அந்த முடிவைத் தாங்கவில்லை என்பதே என் வாதம்.

சர்ச்சை அக்கட்டுரை தரும் மூன்று விகிதங்களைப் பற்றியது. பாஸ்டனை அடுத்த நியூட்டனில் வேலை மாறியவர்களுள், தெரிந்தவர் மூலம் வேலை பெற்ற 54 பேரிடம், அந்த ஆளை அப்போது எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று கேட்கப்பட்டது. அடிக்கடி என்றவர் 16.7 விழுக்காடு, எப்போதாவது என்றவர் 55.6, அரிதாக என்றவர் 27.8. இங்கே அளக்கப்பட்டது சந்திப்பின் எண்ணிக்கை. பழக்கம் எத்தனை காலத்தது என்பது அன்று. 'எப்போதாவது' என்பதன் வரம்பும் மிக அகலம்: ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல், வாரத்துக்கு இரு முறைக்குக் கீழ். மாதந்தோறும் சந்திப்பவரும் அதில் அடங்கிவிடுவார். உதவியவர் பலர் பழைய கல்லூரித் தோழர், முன்பு உடன் வேலை பார்த்தவர், முன்னாள் முதலாளி என்று கட்டுரையே சொல்கிறது. ஒரு காலத்தில் கூடிப் பழகிப் பின் விலகியவர்களை அந்நியராக வாசிக்க இடமில்லை. 54 பேரைக் கொண்டு, அதுவும் ஏற்கெனவே பணியில் இருந்தவர்களைக் கொண்டு, மாணவர் குறித்து அறுதியாகப் பேசக்கூடாதுதான். எனினும் இரண்டு கோடி லிங்க்ட்இன் பயனாளரை ஆராய்ந்து 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வும் இதே திசையைக் காட்டுகிறது. வேலை மாற்றத்துக்கு அதிகம் உதவியவை மிக நலிந்த தொடர்புகள் அல்ல; பொது நண்பர் சிலரைக் கொண்ட, ஓரளவு நலிந்த தொடர்புகளே.

காரைக்காலுக்கு இது நேரடியாகப் பொருந்துகிறது. 2011 கணக்கெடுப்பில் சுமார் இரண்டு லட்சம் மக்களே உள்ள மாவட்டம் இது. நிரவியில் ஓஎன்ஜிசி, வாஞ்சூர்ப் பக்கம் துறைமுகம் ஆகியவற்றைத் தாண்டினால் பெரிய வேலையிடங்கள் குறைவு; படித்தவர் பலர் வெளியூர் போகின்றனர். அறிஞர் அண்ணா கல்லூரியிலோ அவ்வையார் கல்லூரியிலோ படித்து வெளியேறிய சீனியர்தான் கிரனோவெட்டர் சொல்லும் பழைய தோழருக்கு இங்கே நிகரானவர். அவரிடம் 'வேலை இருக்கிறதா' என்று கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். நிலக்கரிக் கப்பல் வரும் நாளில் ஏஜென்சி அலுவலகத்தில் எந்தக் காகிதம் யார் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது, புதிதாகச் சேர்ந்தவர் எங்கே தடுமாறுகிறார் என்று பி.காம். மாணவி கேட்டால், அவர் அரைமணி நேரம் பேசுவார். அந்நியர் இதற்குப் பதில் எழுதுவது அரிது.

பிரெஞ்சு ஆட்சியில் சைகோனுக்கு வேலைக்குப் போன காலம் முதல் இவ்வூரில் வேலை உறவுக்காரர் வழியேதான் வந்தது என்பர். உண்மை, ஆனால் உறவு, தான் ஏற்கெனவே நடந்த வழியைத்தான் காட்டும். குடும்பத்தில் முதலில் கல்லூரிக்கு வந்தவருக்கு அந்த வழியும் இல்லை. அரசுத் தேர்வுக்குத் தொடர்பு எதற்கு என்பது வலுவான மறுப்பன்று: எந்தத் தேர்வை எழுதுவது, எதை விடுவது என்பதையும் எழுதித் தேறியவரிடம்தான் கேட்க வேண்டும். சீனியர் வட்டமும் சாதி வழியே சுருங்கும் என்ற கவலை நியாயமானது. அதனால்தான் சீனியர்களின் பட்டியல் தனி நண்பர் கைபேசியில் இருக்கக் கூடாது, கல்லூரித் துறையிடம் இருக்க வேண்டும் என்கிறேன். மாற்றுச் சான்றிதழ் வாங்க வரும் நாளிலேயே மாணவரின் எண்ணையும், அவர் போகும் ஊரையும் வேலையையும், அவர் சம்மதத்தோடு, துறை எழுதி வைத்துக்கொள்ளலாம். அடுத்த ஆண்டே கேட்பவருக்கு ஆள் கிடைப்பார்.